தூண் பவளம்

கரீபியன் கடலிலும் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரத்திலும் வாழும் ஒரு கல் பவளம், ஒரே அடித்தளத்திலிருந்து பல தூண்களாக நிமிர்ந்து வளர்கிறது. முதிர்ந்த தூண் 3 மீட்டர் உயரம்கூட எட்டும். அறிவியல் பெயர் ‘டென்ட்ரோகைரா சிலிண்ட்ரஸ்’; அந்தப் பேரினத்தில் இன்று வேறு இனம் கிடையாது. பெரும்பாலான கல் பவளங்கள் உணர்கொம்புகளை இரவில்தான் வெளியே நீட்டும். தூண் பவளம் பகலிலும் நீட்டியே வைத்திருக்கும். அதனால் தூண் முழுவதும் பழுப்பு நிற ரோமம் போர்த்தியதுபோலத் தெரியும்.

அந்த ரோமத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்பு. உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியில் உணவு தயாரித்துத் தர, பவள உயிரிகள் சுண்ணாம்பைச் சுரந்து பாறையை எழுப்புகின்றன. ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. ஆளுயரத் தூண் என்றால் நூறு வயதை ஒட்டியது.

இது எந்தக் காலத்திலும் மலிந்து கிடந்த இனம் அல்ல. அதன் இனப்பெருக்க முறையிலேயே ஒரு சிக்கல் உண்டு. பவளங்களில் பெரும்பாலானவை ஒரே உடலில் கருமுட்டையும் விந்தும் உண்டாக்குபவை. தூண் பவளத்திலோ பொதுவாக ஆண் வேறு, பெண் வேறு. ஆகஸ்ட் முழுநிலவு கழிந்த சில இரவுகளில் இரண்டும் தத்தம் இனச்செல்களைக் கடல்நீரில் விடுகின்றன. அருகருகே இருந்தால்தான் அவை சந்திக்கும். ஆனால் புயலில் முறிந்து விழும் துண்டுகள் அங்கேயே ஒட்டிக்கொண்டு புதுத் தூண்களாக எழுவதால், தோப்பாகத் தெரியும் ஓரிடம் உண்மையில் ஒரே உயிரின் நகல்களாக இருக்கக்கூடும்: அத்தனையும் ஆண், அல்லது அத்தனையும் பெண். குஞ்சுப் பவளங்கள் ஆய்வாளர் கண்ணில் படுவது மிக அரிது. முதிர்ந்தவை நெடுங்காலம் வாழ்ந்துகொண்டிருந்த வரை இந்தக் குறை வெளியே தெரியவில்லை.

2014-ல் தெரிந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஃபுளோரிடாவில் கடல் சூடேறி, பாசிகளை இழந்த பவளங்கள் வெளிறின. அதே 2014-ல் மியாமி அருகே ஒரு புதிய நோய் தலைகாட்டியது. திசு கரைந்து உதிர, வெள்ளை எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். இருபதுக்கும் மேற்பட்ட பவள இனங்களைத் தாக்கும் இந்நோய்க்கு முதலில் பலியாகுபவற்றில் தூண் பவளமும் ஒன்று. நூற்றாண்டு வளர்ந்தது சில வாரங்களில் மடிந்தது. முக்குளிப்பவர்கள் அமாக்சிசிலின் கலந்த பசையைப் புண்ணின் விளிம்பில் கையால் பூசினார்கள். பூசிய இடத்தில் புண் பெரும்பாலும் நின்றது. வேறிடத்தில் புதிதாகக் கிளம்புவதை அது தடுக்கவில்லை. 2020-க்குள் ஃபுளோரிடாவின் தூண் பவளங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்துபோயின. நோய் கரீபியன் தீவுகளுக்கும் மெக்சிகோவுக்கும் பரவியது. கழிவுநீர், வண்டல், அளவு மீறிய மீன்பிடிப்பு ஆகிய பழைய தொல்லைகளும் தொடர்கின்றன.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2008-ல் தூண் பவளத்தை ‘பாதிப்புக்குள்ளாகக்கூடிய’ இனம் என்று வகைப்படுத்தியிருந்தது. 2022-ல் இடையிலிருந்த படியைத் தாண்டி ‘மிக அருகிய’ இனமாக அறிவித்தது. அச்சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது சாதாரணச் சரிவு அல்ல.

நோய் முற்றுமுன் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த துண்டுகள் ஃபுளோரிடாவில் கரைமேல் தொட்டிகளில் வளர்க்கப்படுகின்றன. 2019 ஆகஸ்டில் ஃபுளோரிடா அக்வேரியத்தில் செயற்கை விளக்குகளால் சூரிய உதயமும் நிலவொளியும் ஏற்படுத்தப்பட்டன. அங்கிருந்த ஆண், பெண் பவளங்கள் ஒரே இரவில் இனச்செல்களை விட்டு, ஆயிரக்கணக்கான இளவுயிரிகள் பிறந்தன. கடலில் தூரத்தால் பிரிந்து கிடந்தவை தொட்டியில்தான் சேர்ந்தன. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து ஆளாகப் பல ஆண்டுகள் ஆகும். நோயும் வெப்பமும் தணியாத கடலில்தான் அவற்றை நட வேண்டியிருக்கிறது.