28 கிலோவை எங்கே பிடிப்பது?

யாழ்ப்பாணத்துச் சைக்கிள்கடையில் பஞ்சர் என்று போய் நின்றால் முதலில் நடப்பது ஒன்றுதான்: கடைக்காரர் சைக்கிளைக் கவிழ்த்துப் போடுவார். சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில், சில்லு இரண்டும் ஆகாயத்தில். ஸ்ராண்ட், கொளுக்கி எதுவும் தேவையில்லை.

கவிழ்த்த சைக்கிளுக்கு எங்கள் ஊரில் ஒரு வரலாறே உண்டு. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கிய பின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றரியும் வருவது தடைப்பட்டது, மின்சாரமும் போனது. கவிழ்த்த சைக்கிளின் சில்லில் டைனமோவைச் சாய்த்து, பெடலைக் கையால் சுற்றி, அந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த டைனமோ 6 வோல்ட், 3 வாட். இன்றைய மின்சைக்கிளின் பின்சில்லுக்குள் இருக்கும் மோட்டரும் அதே காந்தமும் செப்புச் சுருளும்தான். டைனமோவில் சுழற்சி மின்சாரமாகிறது, மோட்டரில் மின்சாரம் சுழற்சியாகிறது. ஆனால் டைனமோ உள்ளங்கைக்குள் அடங்கும். மோட்டரோ ரயர், றிம் எல்லாம் சேர்த்து 7 கிலோ வரை வரும்.

எரிபொருள் தட்டுப்பாடு மறுபடி வந்தபோது, 2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு எவருக்கும் எரிபொருள் விற்பதையே அரசு நிறுத்திவைத்தது. பிறகு கியூஆர் குறியைக் காட்டிப் பங்கு வாங்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். மூலையில் கிடந்த சைக்கிள்களைத் தூசி தட்டி வெளியே எடுத்த காலம் அது. மின்சைக்கிள் பற்றிய விசாரிப்பும் அப்போதுதான் சூடுபிடித்தது. ஜெர்மனியில் 2023இல் விற்ற சைக்கிள்களில் பாதிக்கு மேல் மின்சைக்கிள்கள். அங்கே அவற்றைப் பழுதுபார்க்க வீட்டிலேயே ஒரு ஸ்ராண்ட் வைத்திருப்பவர்களும் உண்டு. இங்கே அந்தக் கேள்வி இப்போதுதான் எழுகிறது: 28 கிலோ மின்சைக்கிளை வீட்டில் எதில் நிறுத்தி வேலை பார்ப்பது?

கவிழ்த்துப் போடலாமே என்றால், ஹாண்டிலில் இப்போது மணியும் பிரேக்கும் மட்டும் இல்லை. வேகம் காட்டும் திரை, முறுக்குப்பிடி, அவற்றுக்குப் போகும் வயர்கள் எல்லாம் அங்கேதான். கவிழ்த்தால் முதலில் நசுங்குவது அவைதான். எண்ணெயில் இயங்கும் பிரேக் என்றால், பிடியிலுள்ள சிறு தொட்டியில் மேலே நிற்கும் காற்றுக்குமிழி குழாய்க்குள் போய்விடவும் கூடும். பிறகு பிரேக்கைப் பிடித்தால் பஞ்சுபோல அமுங்கும்.

அதைவிடப் பெரிய காரணம் நாரி. வேலைத்தலப் பாதுகாப்பு பற்றி ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 1991இல் திருத்திய சூத்திரம் ஒன்று உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. எல்லாம் சாதகமாக அமைந்தாலும் ஒருவர் தூக்கத்தக்க நிறைக்கு அது வைக்கும் மேல்வரம்பு 23 கிலோ. அதுவும் பொருள் உடலோடு ஒட்டி, 25 செ.மீ. தூரத்துக்குள் இருந்தால் மட்டுமே. தூரம் 50 செ.மீ. ஆனால் வரம்பு பாதியாகி 11.5 கிலோவுக்கு இறங்கிவிடும். சைக்கிளை மார்போடு அணைத்துத் தூக்க முடியாது. பெடலும் ஹாண்டிலும் விடாது. கையை நீட்டித்தான் தூக்கவேண்டும். அப்படிப் பார்த்தால் 28 கிலோ சைக்கிளை நெஞ்சு உயரத்துக்குத் தனியாளாகத் தூக்குவது, அந்த வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

நெஞ்சு உயரத்தில் சைக்கிளைக் கவ்விப் பிடிக்கும் ஸ்ராண்டின் கதை சுவையானது. அமெரிக்காவின் சென்ற் போல் நகரில் ஹேசல் பார்க் என்ற பகுதியில் சைக்கிள்கடை வைத்திருந்த இருவர், குனிந்தும் முழங்காலில் நின்றும் வேலை செய்து அலுத்துப்போய், 1963இல் தங்களுக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார்கள். சாப்பாட்டு மேசையின் கால், 1937ஆம் ஆண்டு ஃபோர்ட் லொறியின் அச்சுக்கூடு, அடியில் கொங்கிறீற் நிரப்பிய வெற்று ஷெல் கோது. இன்றைக்குச் சைக்கிள் திருத்தும் கருவிகளில் உலகப் பெயர் பெற்ற பார்க் ரூல் கொம்பனி அங்கே தொடங்கியதுதான். ஷெல் கோது எங்கள் ஊர்க்காரருக்குப் புதிதில்லை. அதற்குள் கொங்கிறீற் போட்டால் இப்படி ஒரு நல்ல வேலைக்கு உதவும் என்பதுதான் புதிது. அந்தப் பாரம் அடியில் இருந்ததால், மேலே சைக்கிள் தொங்கினாலும் மொத்தத்தின் ஈர்ப்பு மையம் தாழ்வாகவே நின்றது.

இந்த வகை ஸ்ராண்டை வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் எழுதியிருக்கும் கிலோவைத்தான் பார்க்கிறார்கள். 30 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது, என் சைக்கிள் 28 கிலோ, சரிதானே? சரியில்லை. துலாவில் தண்ணீர் அள்ளிய வீட்டில் வளர்ந்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஆடுகாலிலிருந்து எவ்வளவு தூரத்தில் பாரம் நிற்கிறது என்பதில்தான் துலாவின் கணக்கே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதையே விசையின் திருப்பம் என்று படித்தோம். நிறை ஒரு பக்கம், அது பிடியிலிருந்து நிற்கும் தூரம் மறுபக்கம், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் ஸ்ராண்டின் கவ்வி தாங்கவேண்டிய சுமை.

உங்கள் சைக்கிளின் ஈர்ப்பு மையத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஆள்நிறை பார்க்கும் தராசு ஒன்று போதும். பின்சில்லைத் தராசில் வைத்து, முன்சில்லுக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, ஒருவர் சைக்கிளை விழாமல் மட்டும் பிடிக்க, எண்ணைக் குறியுங்கள். பிறகு முன்சில்லை வைத்துக் குறியுங்கள். பின்னால் 15.3, முன்னால் 12.7 என்று வந்தால் மொத்தம் 28 கிலோ. இரண்டு அச்சுக்கும் இடையே 110 செ.மீ. என்றால், 12.7ஐ 28ஆல் பிரித்து 110ஆல் பெருக்க 50 வரும். பின் அச்சிலிருந்து 50 செ.மீ. முன்னால் ஈர்ப்பு மையம். சீற் குழாயில் கவ்வி பிடிக்கும் இடம் பின் அச்சுக்கு ஏறக்குறைய 25 செ.மீ. முன்னால் இருக்கும். ஆகவே பாரம் கவ்விக்கு 25 செ.மீ. முன்னால் தொங்குகிறது: 28 தர 25, மொத்தம் 700.

இப்போது பின்சில்லைக் கழற்றுங்கள். 7 கிலோ போய்விட்டது, சைக்கிள் 21 கிலோதான். ஸ்ராண்டுக்கு இலேசு என்று நினைப்போம். ஆனால் அந்தச் சில்லு கவ்விக்குப் பின்னால் 25 செ.மீ. தூரத்தில் நின்று, முன்பக்கப் பாரத்துக்கு ஈடு கொடுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் 7 தர 25, அதாவது 175 கூடுகிறது. 700 இருந்த திருப்பம் 875 ஆகிவிட்டது. நிறை கால்வாசி குறைந்திருக்கிறது, திருப்பம் கால்வாசி ஏறியிருக்கிறது! சில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது கவ்வியின் தலை வழுக்கி, சைக்கிள் முன்பக்கமாகக் குத்திட்டு விழுவது இதனால்தான். பற்றரி பின் கரியரில் இருக்கும் சைக்கிளில் அதைக் கழற்றினாலும் இதே கூத்துத்தான். பற்றரி நடுக் குழாயில் இருந்தால் அது பாரத்தின் பக்கம். அதைக் கழற்றினால் நிறையும் குறையும், திருப்பமும் குறையும்.

ஆகையால் கவ்வி ஸ்ராண்ட்தான் வேண்டும் என்பவர் கிலோவைப் பார்த்த பின், கவ்வித்தலை எப்படி இறுகுகிறது என்று பார்க்கவேண்டும். பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கடித்து நிற்பது நல்லது. வெறும் உராய்வில் நிற்பது பாரத்துக்கு ஆகாது. கால்கள் நிலத்தில் ஊன்றும் புள்ளிகளை ஒரு நூலால் சுற்றினால் வரும் பரப்புக்கு நேர்மேலே ஈர்ப்பு மையம் நிற்கவேண்டும். அதாவது கால்கள் சைக்கிளுக்கு அடியில் போகவேண்டும். அதுவும் சீமெந்துத் தரையில். மணல் முற்றத்தில் மெல்லிய கால் ஒன்று இரண்டு அங்குலம் புதைந்தாலே கணக்கு மாறிவிடும். சோளகம் வீசும் மாதங்களில் வெளியில் வைத்தால், தூக்கி நிறுத்திய சைக்கிள் காற்றை வாங்கும் பாய்.

கவ்வியைச் சீற் குழாயில் மட்டும் மாட்டுங்கள். பழைய ரலி, ஹம்பர் பாரில் மாட்டினாலும் அந்த உருக்குக் குழாய் தாங்கும். இன்றைய அலுமினியச் சட்டத்தின் குழாய் மெல்லியது. பாரத்தோடு கவ்வி நெரித்தால் சப்பளியும். இங்கே உப்புக்காற்றின் சங்கதி ஒன்றும் உண்டு. காரைநகர், பருத்தித்துறைப் பக்கம் உருக்குச் சட்டத்துக்குள் இருக்கும் அலுமினியச் சீற் குழாய் நாளடைவில் இறுகிப்போய்விடும். இரண்டு உலோகங்களுக்கிடையே உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு சிறு மின்கலம் மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். வருடத்துக்கு ஒருமுறை குழாயை இழுத்துக் கிறீஸ் பூசாதவர் கவ்வி மாட்டச் சீற்றை உயர்த்த முடியாமல் நிற்பார்.

என்னைக் கேட்டால், எங்கள் வீடுகளுக்குக் கவ்வி ஸ்ராண்ட் வேண்டியதில்லை. பின்சில்லை நிலத்திலிருந்து 5 செ.மீ. உயர்த்தும் தாழ்ந்த நெம்பு ஸ்ராண்ட் ஒன்று போதும். மோட்டார் சைக்கிள் ஓட்டப் பந்தயக்காரர்கள் பின்சில்லுக்குக் கொடுக்கும் அதே வகை. முன்சில்லு நிலத்திலேயே நிற்பதால் நீங்கள் 28 கிலோவைத் தூக்குவதில்லை; பின்சில்லின் பங்கான 15.3 கிலோவை மட்டும்தான். நெம்பின் கைப்பிடி கொக்கியைவிட 4 மடங்கு நீளமென்றால் கைக்கு வருவது ஏறக்குறைய 4 கிலோதான். செயின், பிரேக், கியர், பஞ்சர் எல்லாம் இதிலேயே முடியும். குறை ஒன்று: ஒரு முக்காலியில் குந்தி இருந்துதான் பார்க்கவேண்டும்.

பஞ்சருக்குச் சில்லைக் கழற்றவே தேவையில்லை என்பதையும் சைக்கிள்கடைக்காரரிடம்தான் படிக்கவேண்டும். ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, ரியூப்பை வெளியே இழுத்து, தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் ஒட்டுப்போட்டு உள்ளே தள்ளிவிடுவார். மோட்டர்ச் சில்லுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அதைக் கழற்றினால் வயர் இணைப்பு, அச்சு சுழலாமல் தடுக்கும் வளையம் எல்லாவற்றையும் பழையபடி பூட்டவேண்டும். மோட்டர் சில்லை முன்னே தள்ளும்போது அச்சைப் பின்னே முறுக்கும். அந்த வளையத்தை மறந்து பூட்டினால் அச்சு சுழன்று வயரை அறுத்துவிடும்.

எந்த ஸ்ராண்ட் ஆனாலும் முதலில் பற்றரியைக் கழற்றி அப்பால் வையுங்கள். தூக்கிய சில்லுக்குத் தரையின் தடை இல்லை. முறுக்குப்பிடியில் கை பட்டால் நொடியில் முழு வேகம் எடுக்கும், சில்லுக் கம்பிகளுக்குள் விரல் இருந்தாலும் நிற்காது. முன் பிரேக்கைப் பழைய ரியூப் துண்டால் இழுத்துக் கட்டினால் சைக்கிள் உருளாது.

நெம்பு ஸ்ராண்டை வெல்டிங் கடையில் ஒன்றே கால் அங்குல ஜிஐ பைப்பில் செய்விக்கலாம். சைக்கிளைக் கூடவே கொண்டுபோங்கள். கொக்கிகள் இரண்டும் பின் அச்சுக்குச் சற்று முன்னால், இருபுறக் கிடைக்குழாய்களுக்கு அடியில் வரவேண்டும். ஒரு பக்கத்தில் மோட்டர் வயரும் மறுபக்கத்தில் பிரேக் தட்டும் இருக்கும், இரண்டிலும் படக்கூடாது. கொக்கிக்குள் றப்பர் ஒட்டச் சொல்லுங்கள். அடிச்சட்டம் இரு கைமுழம் அகலமாவது இருக்கட்டும். பைப்பின் நாகப்பூச்சை ஒட்டும் இடத்தில் அராவி எடுத்துவிட்டுத்தான் வெல்டிங் செய்யவேண்டும்; எரியும் நாகத்தின் புகையைச் சுவாசித்தால் அன்றிரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும். பூச்சுப் போன அந்த இடத்தில்தான் கறள் முதலில் பிடிக்கும் என்பதால், வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே நாகம் கலந்த பெயின்ரை இரண்டு தரம் அடித்துவிடுங்கள்.