நடுங்கும் கரங்களும் நம் கடமையும்

பெற்றோரைப் பேணுதல் பற்றிப் பேசாத மேடையும் இல்லை. எழுதாத மலரும் இல்லை. ஆயின், பேணும் முறை யாது என வினவினால் நம்மிற் பலர் விடையின்றி நிற்போம். அறிவு துணை நில்லாத அன்பு சில வேளைகளில் நோயாளிக்குத் தீங்காகவும் முடிவதுண்டு. இதற்குப் பார்க்கின்சன் நோய் தக்கதொரு சான்றாகும்.

சித்த மருத்துவர் நடுக்குவாதம் எனக் குறிக்கும் நோயோடு ஒப்புநோக்கத் தக்க இதனை, இலண்டன் மருத்துவரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் தனி நூலாக எழுதி விளக்கினார். நடுமூளையில் கருநிறமாய் அமைந்த ஒரு சிறு பகுதியின் உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அவை சுரக்கும் டோபமின் என்னும் பொருள் குறைகின்றது. உடலின் இயக்கத்தைச் சீராக நடத்துவது அப்பொருளே ஆதலால், கை நடுங்குகிறது, தசை இறுகுகிறது, நடை தளர்கிறது. நடுக்கமே இல்லாமல் தளர்ச்சி மட்டும் தோன்றும் நோயாளரும் உளர். குறைந்த டோபமினை ஈடுசெய்யத் தரப்படும் தலையாய மருந்து லெவோடோபா ஆகும். நம் நாட்டுப் பூனைக்காலி விதையில் இப்பொருள் இருப்பதைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் 1937இலேயே பிரித்தெடுத்துக் காட்டினர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. அதற்காக அவ்விதையை வாங்கித் தாமே பொடித்துக் கொடுக்கத் துணிதல் கூடாது. உட்செல்லும் அளவு தெரியாமற் போய்விடும்.

இந்நோய் முதியோர்க்கே உரியது என்றும் கொள்ளற்க. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலிக்கு 1984இல் இது கண்டறியப்பட்டபோது அவருக்கு வயது 42. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் சுடரை நடுங்கும் கரத்தால் அவர் ஏற்றிய காட்சியை உலகம் கண்டது. அதன் பின்னரும் இருபது ஆண்டுகள் அவர் வாழ்ந்தார்.

இல்லத்தில் முதற்கண் நேர்வது தவறான புரிதலே. முகத் தசை இறுகுவதால் தந்தையின் முகத்தில் மலர்ச்சி தோன்றுவதில்லை; பிள்ளைகளோ 'அத்தா கோபமாக இருக்கிறார்' என எண்ணி விலகுகின்றனர். குரல் தாழ்ந்து விடுகிறது; 'வாய்க்குள்ளேயே பேசுகிறார்' எனக் கடிந்து கொள்கின்றனர். எழுத்துச் சிறுத்துக் குறுகுகிறது. ஒரு சட்டைப் பொத்தானைப் போடக் கால்மணி நேரம் ஆகிறது. திருமறையின் 17ஆம் அத்தியாயம், பெற்றோர் முதுமை எய்தும் நிலையைத் தனியே சுட்டி, அவர்பால் சலிப்பின் சிற்றொலியும் எழலாகாது எனப் பணிக்கிறது. அச்சலிப்பு எழும் இடம் பெரும்பாலும் அந்தக் கால்மணி நேரந்தான்! விரைந்து சென்று நாமே பொத்தானைப் போட்டு விடுவது உதவிபோலத் தோன்றும். ஆனால், செய்யாத வேலையை உடல் மறந்து விடும். பெரிய பொத்தானோ ஒட்டுப்பட்டையோ தைத்துக் கொடுத்து, அவரையே செய்ய விடுவது நலம்.

நடக்கையில், குறிப்பாக வாயிற்படியிலும் குறுகிய இடத்திலும், கால்கள் தரையோடு ஒட்டியவைபோல் நின்றுவிடும். அப்போது கையைப் பிடித்து இழுத்தலாகாது. இழுத்தால் வீழ்வது உறுதி. அவரை நிற்கச் செய்து, மூச்சு வாங்க விட்டு, 'ஒன்று, இரண்டு' என எண்ணித் தாளம் கொடுத்தால் கால் எழும். தரையில் குறுக்குக் கோடுகளாக வண்ண நாடா ஒட்டி வைத்தால், அக்கோட்டைத் தாண்டுவதாக எண்ணி எளிதில் நடப்பர். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாது, அகல வளைந்து திரும்பப் பழக்குதல் வேண்டும். ஒளுச் செய்யும் இடத்திலும் கழிப்பறையிலும் சுவரில் கைப்பிடிக் கம்பியும், வழுக்காத விரிப்பும் அமைத்தல் இன்றியமையாதது. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என மார்க்கம் இடந்தந்திருக்க, ஊரார் பார்வைக்கு அஞ்சி முதியவரை நிற்க வைத்து வீழ்த்துதல் எவ்வகையில் நியாயம்?

மருந்தின் நேரமே இந்நோயில் பாதி மருத்துவம். லெவோடோபாவைப் பொதுவாக உணவுக்கு அரைமணி நேரம் முன்னர்க் கொடுப்பர். பருப்பு, இறைச்சி முதலியவற்றின் புரதம் அம்மருந்து உட்கவரப்படுவதைத் தடுக்கக் கூடும் என்பதே காரணம். மருந்தைத் திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, காய்ச்சல் கண்டு, உயிர்க்கே ஊறு நேரலாம். ஆகவே ரமளான் மாதம் வருமுன்னரே மருத்துவரையும் ஆலிமையும் கலந்து கொள்ளுதல் வேண்டும். குணமடையும் வாய்ப்பற்ற நோயாளர், நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் சலுகை உண்டு. 'இத்தனை ஆண்டும் நோன்பை விட்டதில்லை' எனக் கண்கலங்கும் தாய்க்கு இதனைப் பக்குவமாக எடுத்துரைத்தல் பிள்ளைகளின் பொறுப்பு.

முதுமையில் நோய் தனித்து வருவதில்லை. இரத்த அழுத்த மாத்திரையும் இந்நோயும் சேர்ந்து, எழுந்த மாத்திரத்தில் தலை சுற்றச் செய்யும். படுக்கையில் சற்று அமர்ந்த பின்னரே எழுதல் வேண்டும். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு போன்ற சில மருந்துகள் நடுக்கத்தை மிகுவிக்கும். எந்த மருத்துவரிடம் சென்றாலும் நோயின் பெயரை முதலில் கூறுக. உணவு புரையேறினால் நீர்த்த பானத்தைக் காட்டிலும் சற்றுக் கெட்டியான கஞ்சி நன்று. நிமிர்ந்து அமரச் செய்து, சிறு சிறு வாயாக ஊட்டுதல் வேண்டும்.

இனி, ஊட்டுபவர் யார் என்பதையும் நோக்குவோம். மகன்கள் வளைகுடா நாடுகளிலிருந்து பணம் அனுப்புகின்றனர். இரவில் நான்கு முறை விழித்துப் புரட்டிப் படுக்க வைப்பவள் மருமகள். பெற்றோரைப் பேணும் கடன் பிள்ளைகளுடையது. மருமகள் செய்வது அவள்தன் நற்குணம் என மார்க்க அறிஞர் பலர் எடுத்துரைத்துள்ளனர். எனினும், நம் இல்லங்களில் நன்றி கூறப்படுவது பணம் அனுப்பியவனுக்கே! வாரத்தில் இரண்டு இரவேனும் அவள் இடையூறின்றி உறங்குமாறு உள்ளூரில் இருக்கும் மகளோ மகனோ முறை வைத்துக் கொள்ளலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பார்க்கின்சன் நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. அதற்குரிய சான்றிதழ் பெற விண்ணப்பிக்கலாம் என்பதையும் பல குடும்பங்கள் அறியா. வெளிநாட்டில் இருக்கும் மகன் விடுப்பில் வரும்போது, திருமண விருந்துகளுக்கு ஒதுக்கும் நாள்களில் ஒன்றை அவ்விண்ணப்பத்திற்கும், ஓர் இரவைத் தந்தையின் கட்டிலருகே விழித்திருப்பதற்கும் ஒதுக்கட்டும்.