திறவாத களஞ்சியம்

நெல் விளைந்த வீடுகளில் முற்காலத்தில் குதிர் ஒன்று நிற்கும். வீட்டார் அனைவர்க்கும் உரிய தவசம் அதனுள் கிடக்கும். வேண்டுவோர் வேண்டும்பொழுது அள்ளிக்கொள்வர். இக்காலத்து வீடுகள் சிலவற்றில் அத்தகைய குதிர் வேறு வடிவில் காணப்படுகின்றது. தடித்த நூல் ஒன்றின் அளவே உள்ள சிறு பெட்டியினுள் ஒன்றோ இரண்டோ வன்தட்டுகள் சுழல்கின்றன. குடும்பத்தின் ஒளிப்படங்களும், வரவு செலவுக் கணக்குகளும், பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும் அவற்றில் தங்கியிருக்கின்றன. வீட்டிலுள்ள எக்கணினியிலிருந்தும் அவற்றை எடுத்துப் பார்க்கலாம். இதனைப் பொதுச் சேமிப்பகம் என்னலாம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘நாஸ்’ என வழங்குவாரும் உளர்.

ஒருநாள் இச்சேமிப்பகம் திறவாதொழிகின்றது. வலையமைப்புப் பாதை காணப்படவில்லை என்னும் ஒரு வரி மட்டும் கணினித் திரையில் தோன்றுகின்றது. பத்தாண்டு ஒளிப்படங்களும் போயின என்று வீட்டார் கலங்குகின்றனர். ஒருவர் பெட்டியின் பின்புறத்துச் சிறு துளையில் ஊசியைச் செருகி, அதனைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர முற்படுகின்றார். இடர் தொடங்கும் இடம் இதுவே. சில பெட்டிகளில் அவ்வாறு செய்தபின் உள்ளமைப்பை மீண்டும் நிறுவ நேரும். அப்பொழுது திரையில் வரும் வினாவிற்குத் தவறான விடை ஒன்றை அளித்தால், நலமாக இருந்த கோப்புகள் உண்மையாகவே அழிந்துபடும். திறவாத களஞ்சியம் பெரும்பாலும் வெறுங்களஞ்சியம் அன்று. அதற்குச் செல்லும் வழியே அடைபட்டிருக்கும்.

அவ்வழி எத்தகையது? கணினியும் சேமிப்பகமும் நேரே பிணைக்கப்பட்டவை அல்ல. இடையில் ரூட்டர் எனப்படும் திசைவி நிற்கின்றது. ஆதலின், பெட்டியின் விளக்கு எரிகின்றதா, வடம் கழன்றுள்ளதா, கணினியும் அதே வலையமைப்பில் உள்ளதா என்பவற்றை முதலில் காணல் வேண்டும். விருந்தினர்க்கென ஒதுக்கிய வைஃபையில் கணினி இணைந்திருப்பின் பெட்டி புலப்படாமற் போவது இயல்பே. பின்னர் முகவரியை நோக்குதல் வேண்டும். திசைவி ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.20 என்பது போன்ற எண்ணை முகவரியாக வழங்குகின்றது. அவ்வெண் நிலையானது அன்று. மின்சாரம் நின்று மீண்டபின், நேற்று 20 என முடிந்த எண் இன்று 23 என முடியலாம். கணினியோ பழைய எண்ணையே நினைவிற்கொண்டு, குடிபெயர்ந்தார் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். திசைவியின் அமைப்புப் பக்கத்தில் பெட்டிக்கென ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கிவிடின் இக்குறை மீண்டும் நேராது.

சேமிப்பகத்தின் இன்றைய எண்ணைத் திசைவியின் பக்கத்திலேயே காணலாம். விண்டோஸ் கணினியாயின், கோப்புச் சாளரத்தின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு அவ்வெண்ணை எழுதித் திறந்து பார்த்தல் வேண்டும். எண்ணால் திறந்து பெயரால் திறவாவிடின், குறை பெட்டியில் இல்லை. பெயரைக் கொண்டு எண்ணைக் கண்டறியும் ஏற்பாட்டில் உள்ளது. பக்கவாட்டுப் பட்டியலில் பெயர் தோன்றாமை கொண்டு பெட்டியே இல்லை எனத் துணிதலும் பிழையாகும்.

கடவுச்சொல் கேட்கப்பட்டு, அது மறுக்கப்படுமாயின் கலங்க வேண்டுவதில்லை. வழி செம்மையாக உள்ளது. வந்தவர் யார் என்பதே ஐயம். கணினியைத் திறக்க இடும் நான்கு இலக்கக் குறியெண்ணைச் சேமிப்பகம் அறியாது. அதற்கெனப் படைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லுமே வேண்டும். கடவுச்சொல்லை மாற்றிய பின்னரும் கணினி தான் சேமித்து வைத்த பழைய சொல்லையே சொல்லிக்கொண்டிருத்தல் உண்டு. அதனை நீக்கினால் வழி திறக்கும்.

இவை யாவும் சரியாக இருந்தும் திறவாத பெட்டிகள் உள. அவற்றின் குறை மொழிக் குறையாகும். கணினியும் சேமிப்பகமும் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை ஒன்றினைக் கையாளுகின்றன. 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பார் இதனை வகுத்தார். ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பார், பிற கணினிகளும் இம்மொழியைப் பேசுமாறு 1990-களின் தொடக்கத்தில் ஒரு மென்பொருளை இயற்றினார். அதன் பெயர் சம்பா. நம்மவர் உடனே நெல்லை நினைத்தல் கூடும். எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்தும் வரும் சொல்லை அகராதியில் தேடி அவர் கண்டெடுத்த பெயர் அது. வீட்டுச் சேமிப்பகங்கள் பலவற்றினுள் இன்றும் உழைப்பது அந்தச் சம்பாவே.

எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பில் ஒரு பெருங்குறை இருந்தது. விண்டோஸில் அக்குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சில் வெளியிட்டது. ஆயினும், திருத்தத்தை ஏற்காத கணினிகள் எண்ணிறந்தன. அவ்வாண்டு மே 12 அன்று ‘வானாகிரை’ என்னும் தீநிரல் அக்குறையின் வழியே கணினிதோறும் பரவிற்று. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பல, வந்த நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதலாக, புதிதாக நிறுவும் கணினிகளில் முதற்பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. அம்மொழி ஒன்றையே அறிந்த பழைய பெட்டிகள் அன்றுமுதல் ஊமையாயின.

அப்பெட்டிகளைத் திறக்க வேண்டி, கணினியில் பழைய மொழியை மீண்டும் நிறுவிக்கொள்வோர் பலர். சில நொடிகளில் கோப்புகள் தோன்றிவிடுதலால் அதனை அப்படியே விட்டுவிடுகின்றனர். 2017-இல் தீநிரல் நுழைந்த நெறிமுறை மீண்டும் வழக்கிற்கு வந்துவிடுகின்றது. முதலில் பெட்டியைச் செய்தாரின் தளத்தில் புதிய உள்ளமைப்பு உண்டா எனக் காணல் வேண்டும். உண்டெனின், அதனை ஏற்றியபின் இரண்டாம் அல்லது மூன்றாம் பதிப்பைத் தேர்ந்துகொள்ளலாம். இல்லையெனின், திசைவியின் இணைய வடத்தைக் கழற்றிவிட்டு, பழைய மொழியைச் சிறிது பொழுது இயக்கி, கோப்புகள் அனைத்தையும் வேறொரு வன்தட்டிற்குப் படியெடுத்து, எண்ணிச் சரிபார்த்து, அம்மொழியை நீக்கிய பின்னரே வடத்தை மீண்டும் பூட்டுதல் வேண்டும்.