முதுகுவலி தையலின் கூலியா?

ஊசியையும் நூலையும் துணையாகக் கொண்டு குடும்பத்தைக் காத்த பெண்கள் நம் நாட்டில் ஊர்தோறும் உளர். சட்டை தைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மாரும், தங்கையின் கலியாணத்தை நடத்தி வைத்த தமக்கைமாரும் எத்தனையோ பேர். 1877ஆம் ஆண்டிலே சிங்கர் நிறுவனம் இலங்கையிற் கால்வைத்த நாள் தொட்டுத் தையல் இயந்திரம் நம் வீடுகளில் ஒரு செல்வமாகவே மதிக்கப்பட்டு வந்திருக்கின்றது. 1978ஆம் ஆண்டிலே கட்டுநாயக்கவிற் சுதந்திர வர்த்தக வலயம் அமைக்கப்பட்ட பின்னர், தையலையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட பெண்களின் தொகை பன்மடங்கு பெருகிற்று.

இவர்களுள் எவரையாவது அழைத்து, “உடம்பு எப்படி இருக்கின்றது?” என்று கேட்டுப் பாருங்கள். கழுத்து நோகின்றது, இடுப்புப் பிடிக்கின்றது, கை விறைக்கின்றது என்பார்கள். அத்துடன், “தைக்கிறவளுக்கு நோகாமல் இருக்குமா?” என்று ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். வலியைத் தொழிலோடு சேர்ந்து கிடைக்கும் கூலியாக ஏற்றுக்கொள்ளும் இந்த மனப்பான்மைதான் வலியினும் பெரிய தீங்கு. தையல் வேலையில் வரும் நோவிற் பெரும்பகுதி தையலினால் வருவதன்று. தைப்பவளின் உடலுக்குப் பொருந்தாத கதிரையினாலும் மேசையினாலும், இடைவிடாது ஒரே நிலையில் இருப்பதனாலும் வருவது.

இவ்வுண்மை புதியதன்று. பேர்னாடினோ ரமசினி என்ற இத்தாலிய வைத்தியர், தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் வெளியிட்டார். குனிந்திருந்து தைக்கும் தையற்காரரின் கூனல் முதுகையும் கால் விறைப்பையும் அவர் அதிற் குறித்திருக்கின்றார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுடன், “நீர் செய்யும் தொழில் யாது?” என்பதனையும் வைத்தியர்கள் கேட்டல் வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. தொழிலையும் கருவியையும் மனிதனுக்கு ஏற்ப அமைக்கும் முறை, இன்று பணிச்சூழலியல் என்னும் தனி விஞ்ஞானமாக வளர்ந்துள்ளது.

வலி எவ்வாறு பிறக்கின்றது?

வளர்ந்த ஒருவரின் தலை ஏறக்குறைய 5 கிலோ நிறையுடையது. நிமிர்ந்திருக்கும்போது முள்ளந்தண்டு அந்நிறையைத் தாங்குகின்றது. ஊசி முனையைப் பார்ப்பதற்காகத் தலையை முன்னே நீட்டிக் குனிந்தால், பிடரித் தசைகள் அதனை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை உடலோடு அணைத்துத் தூக்குவதற்கும், கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. முன்சாய்ந்து அமரும்போது, முள்ளந்தண்டின் எலும்புகளுக்கிடையே உள்ள மெத்தை போன்ற தட்டுகளும், நிற்கும்போது உள்ளதைவிட அதிகமாக நெருக்குண்கின்றன.

கதிரையும் மேசையும்

முதலாவதாக, சாய்மானம் இல்லாத முக்காலியை விட்டொழியுங்கள். முதுகைத் தாங்கும் கதிரை வேண்டும். இடுப்பின் வளைவுக்கும் சாய்மானத்துக்கும் இடையே ஒரு துவாயைச் சுருட்டி வைத்தால் நல்ல ஆதாரம் கிடைக்கும். தோள்களை உயர்த்தாமல் கையைத் துணியின்மேல் வைத்தால், முழங்கை மேசையின் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருத்தல் நன்று. மேசை உயரமாயின் கதிரையின்மேல் ஒரு தடித்த மெத்தையை இடுங்கள். மேசை பதிவாயின் அதன் கால்களுக்குக் கீழே உறுதியான கட்டைகளை வையுங்கள். காசு செலவழித்துப் புதுத் தளபாடம் வாங்க வேண்டியதில்லை.

பாதம் முழுவதும் மிதியிற் படிதல் வேண்டும். மின்சார இயந்திரமாயின், மிதி வைக்கப்படாத காலுக்குக் கீழேயும் அதே உயரத்தில் ஒரு பலகை இடுக. மேலும், அமரும்போது இயந்திரத்தின் நடுப்பகுதிக்கு நேரே அமராமல், ஊசிக்கு நேரே அமருங்கள். இன்றேல் நாள் முழுவதும் உடல் ஒரு பக்கம் முறுகியே இருக்கும்.

கண்ணும் கழுத்தும்

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கிட்டப் பொருள்கள் தெளிவாகத் தெரிவது குறையும். பலர் கண்ணாடி அணியக் கூச்சப்பட்டுக் கழுத்தை வளைத்துச் சமாளிக்கின்றனர். பொருத்தமான கண்ணாடியும் ஊசியின்மேல் விழும் நல்ல வெளிச்சமும் கழுத்து நோவுக்குக் கைகண்ட மருந்துகளாகும். கையின் நிழல் துணியில் விழாதவாறு விளக்கை வைத்தல் வேண்டும்.

துணி வெட்டுவதற்குத் தரையிலிருந்து குனிவது நம்மவர் வழக்கம். அதனைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றி, நின்றுகொண்டு வெட்டுங்கள். மொட்டைக் கத்தரிக்கோலை உடனே சாணை பிடியுங்கள். மழுங்கிய அலகு கேட்கும் விசையெல்லாம் உங்கள் விரல்களிலிருந்தே செல்கின்றது.

அசட்டை செய்யத் தகாத அறிகுறி

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியன இரவில் விறைத்து, கையை உதறினால் மட்டும் சுகமாகின்றதா? மணிக்கட்டின் ஊடாகச் செல்லும் நரம்பு நெருக்குண்பதன் அடையாளமாக அது இருக்கலாம். எண்ணெய் பூசிக் காலங்கடத்தினால், பெருவிரலின் அடித்தசை மெலிந்து ஊசி பிடிக்கும் வலுவே குன்றக் கூடும். அந்தக் கைதானே வீட்டின் வருவாய்! தொடக்கத்திலேயே வைத்தியரிடம் செல்லுங்கள். நீங்கள் செய்யும் தொழிலையும் மறவாமற் சொல்லுங்கள்.

தீபாவளியும் பாடசாலைத் தவணையும் நெருங்கும் நாள்களில், “எழும்ப நேரம் ஏது?” என்று நீங்கள் கேட்கலாம். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, ஓரிரு நிமிடம் நடந்து, தோள்களை உருட்டிவிட்டு அமருங்கள். தைத்தல், பொத்தான் வைத்தல், அழுத்துதல் ஆகிய வேலைகளை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரே இருப்பில் இரவு பகலாகத் தைத்துவிட்டுப் பின்னர் மூன்று நாள் படுக்கையிற் கிடப்பவள், மிச்சம் பிடித்த நேரத்தையும் இழக்கின்றாள்.

ஆலைகளில் உழைப்போரின் பாதுகாப்புக்காக 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு. ஆயினும், வீட்டு விறாந்தையில் இருந்து தைக்கும் பெண்ணின் கதிரையை வந்து பார்ப்பார் எவருமிலர். அவளுடைய வீட்டாரே அந்தக் கடமையை ஏற்றல் வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவையோ அக்காவையோ இயந்திரத்தின் முன் அமரச் செய்து, முழங்கையின் உயரத்தையும் மேசையின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பலகையும் நான்கு கட்டைகளும் தேடிக் கொடுப்பது பெரிய காரியமன்று. அவ்வளவு காலமும் நமக்காகக் குனிந்த முதுகுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அது.