துணியில் பரமபதம்: சூழலுக்கு இசைந்த விளையாட்டுப் பலகை செய்யும் முறை

பரமபதம் என்பது எண்ணிட்ட கட்டங்களின் மேல் காய்களை நகர்த்தி ஆடும் ஆட்டம். ஏணியின் அடிக்கு வந்த காய் மேலே ஏறும். பாம்பின் தலைக்கு வந்த காய் வாலுக்கு இறங்கும். மார்கழி மாதத்து வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருக்க இதை ஆடும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. வட இந்தியாவில் இதே வகை ஆட்டத்திற்கு ஞான சௌபர் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குச் சென்று, 'பாம்பும் ஏணியும்' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. 1943இல் அமெரிக்க நிறுவனமான மில்டன் பிராட்லி வெளியிட்ட வடிவத்தில் பாம்புகளும் இல்லை, ஏணிகளுக்குப் பக்கத்தில் சறுக்குமரங்களே இருந்தன.

இன்று கடையில் கிடைக்கும் பலகை பெரும்பாலும் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டை. காய்களும் பகடையும் பிளாஸ்டிக். அட்டையையும் படலத்தையும் பிரிப்பது எளிதல்ல என்பதால் அது பழைய காகிதத்தோடு சேராது. மடிப்பில் கிழிந்ததும், அல்லது ஒரு பகடை அலமாரிக்கு அடியில் உருண்டு போனதும், முழுப் பெட்டியும் குப்பைக்குப் போகிறது. பத்து ஆண்டுகள் கிழியாத துணிப் பலகை ஒன்றை வீட்டிலேயே செய்ய முடியும். அதற்கு வேண்டிய கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி மூன்றும் நாட்டுமருந்துக் கடையில் கிடைப்பவை.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

புதிய காடாத் துணியைவிடப் பழைய பருத்தி வேட்டியே நல்லது. பருத்தி இயற்கைப் பொருள்தான். ஆனால் அதை விளைவிக்க நீரும் பூச்சிக்கொல்லியும் ஏராளமாகச் செலவாகின்றன. 'இயற்கைக்கு உகந்தது' என்ற முத்திரைக்காகப் புதுத் துணி வாங்கினால் நோக்கமே கெட்டுவிடும். வீட்டில் இருக்கும் வேட்டி முழுப் பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா என்று அறிய ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, பெரியவர் ஒருவர் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கறுத்து, மணிபோல் திரண்டு நிற்கும். கலப்புத் துணியில் கடுக்காய்ச் சாயம் சரியாகப் பிடிக்காது.

60 சென்டிமீட்டர் சதுரம் போதும். கட்டம் ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர் என்றால் பத்துக்குப் பத்து வரிசைக்கு 50 சென்டிமீட்டர் ஆகும். சுற்றிலும் 5 சென்டிமீட்டர் ஓரம் மிஞ்சும். வேட்டித் துணி மெல்லியது என்பதால் இரண்டாக மடித்து ஓரம் அடிக்கவேண்டும். வெட்டுவதற்கு முன்பே சவர்க்காரம் போட்டுத் துவைத்து, கஞ்சியும் நீலமும் முழுதும் போகும்வரை அலசவேண்டும். புதுத் துணியானால் ஓர் இரவு ஊறவைத்துச் சுருங்கவிட வேண்டும். வரைந்தபின் சுருங்கினால் சதுரங்கள் எல்லாம் சாய்ந்துவிடும்.

கறுப்புக் கோடு

கருப்பூரில் கோயில்களுக்கான கலம்காரித் துணிகள் வரையப்படுகின்றன. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. கலம்காரிக் கலைஞர்கள் கறுப்பு வண்ணம் செய்யும் முறை நம் பலகைக்கும் பொருந்தும்.

துருப்பிடித்த ஆணிகளையும் இரும்புத் துண்டுகளையும் ஒரு மண்பானையில் இட்டு, வெல்லம் கரைத்த நீரை ஊற்றி, இரண்டு மூன்று வாரம் நிழலில் வைக்கவேண்டும். வெல்லம் புளித்து அமிலமாகி இரும்பைக் கரைக்கும். வாயு வெளியேற வேண்டும் என்பதால் வாயை இறுக மூடாமல் துணி கட்டி வைத்தால் போதும். வடிகட்டிய நீர் கறுப்பாக இருக்காது. பழுப்பாக, பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும். பலர் இந்த இடத்தில் செய்முறை தவறிவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள்.

கறுப்பு பானையில் பிறப்பதில்லை, துணியில் பிறக்கிறது. அதற்குத் துணியை முன்பே பதப்படுத்தவேண்டும். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலை இடித்துப் பொடியாக்கி நீரில் ஊறவைத்து, எருமைப்பால் சேர்த்து, அதில் துணியை நன்றாகத் தோய்த்து, பிழிந்து, நல்ல வெயிலில் உலர்த்தவேண்டும். துணி இளமஞ்சளாக மாறும். கடுக்காயில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இழைகளில் தங்கிவிடும். பாலில் உள்ள கொழுப்பு, வரையும் நீர் இழைவழியே பரவாமல் தடுக்கும். கொழுப்பு மிகுந்தது என்பதால்தான் எருமைப்பால். வெயில் இல்லாத நாளில் இதைத் தொடங்கவேண்டாம், பால் நாறிவிடும்.

உலர்ந்த துணியில் இரும்பு நீரைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால் கண்ணெதிரே அது கறுக்கும். இரும்பும் டானினும் சேர்ந்து கறுப்பு உப்பாவதே காரணம். பள்ளி வேதியியல் பாடத்தில் ஒரு சமன்பாடாகக் கடந்துபோகும் செய்தி இங்கே கையில் நிகழ்கிறது. எழுதுவதற்குக் கூராகச் சீவிய மூங்கில் குச்சியே போதும். முனைக்குச் சற்று மேலே துணி சுற்றி நூலால் கட்டிக்கொண்டால் அது நீரை உறிஞ்சி வைத்திருக்கும். விரலால் அழுத்த அழுத்த முனைக்கு இறங்கும். முதலில் கட்டங்கள், பிறகு எண்கள், கடைசியில் ஏணிகளும் பாம்புகளும் என்ற வரிசையில் வரையலாம். பாம்பை எங்கே வரைவது என்பது பகடையைப் பொறுத்தது, அது பின்னால்.

இரும்பு நீர் மிகுந்த காட்டமாக இருந்தால் சில ஆண்டுகளில் கோடு போட்ட இடத்திலேயே துணி நைந்துபோகும். பழைய சாயத் துணிகளில் கறுப்புப் பகுதி மட்டும் இற்றுக் கிடப்பதற்குக் காரணம் இதுவே. வரைந்த மறுநாள் ஓடும் நீரில் நன்றாக அலசுவது அவசியம்.

பாம்புகள் சிவப்பாக வேண்டும் என்றால் அலசி உலர்ந்த துணியில் பாம்பின் உடலுக்குள் மட்டும் படிகாரக் கரைசலைத் தடவி, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி அலசி, மஞ்சிட்டிப் பொடி இட்ட நீரில் முழுத் துணியையும் அரைமணி நேரம் கொதிக்கவிட வேண்டும். படிகாரம் பட்ட இடம் சிவக்கும். மற்ற இடத்தில் ஏறும் இளஞ்சிவப்பு, துவைத்து வெயிலில் போடப்போடக் குறையும். இரும்புச் சட்டியைப் பயன்படுத்தினால் சிவப்பு கருகிவிடும். மஞ்சளுக்குச் சமையல் மஞ்சளை நாடவேண்டாம், வெயிலில் வெளுத்துவிடும். நேரமில்லாதவர்கள் கறுப்போடு நிறுத்திக்கொள்ளலாம், குறையொன்றும் இல்லை. கடையில் விற்கும் துணி வண்ணங்களில் பெரும்பாலானவை அக்ரிலிக், அதாவது மீண்டும் பிளாஸ்டிக்.

காய்கள்

நான்கு பேருக்கு நான்கு வகைக் காய் வேண்டும். சாம்பல் நிறக் கழற்சிக்காய், பூந்திக்கொட்டையின் உள்ளே இருக்கும் கரிய விதை, வேப்பங்கொட்டை, உடைந்த வளையல் துண்டு என்று எதையும் எடுக்கலாம். குன்றிமணியை மட்டும் எடுக்கக்கூடாது. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருப்பதால் பலர் அதையே முதலில் நினைப்பார்கள். அதில் உள்ள அப்ரின் கொடிய நஞ்சு. விதையைக் கடித்து மென்றுவிட்டால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். 'இயற்கையானது' என்பதும் 'தீங்கற்றது' என்பதும் ஒன்றல்ல. நஞ்சில்லாத விதையானாலும் சிறு குழந்தைகள் விழுங்கித் தொண்டையில் சிக்கவைத்துக்கொள்ளலாம் என்பதால் அவர்கள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும்.

சோழியைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது கடலில் வாழும் ஓர் உயிரின் கூடு. அழகுக்காகவும் விற்பனைக்காகவும் உயிரோடு பிடிக்கப்படுவது உண்டு. சோழி இனங்களில் சில இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றவை. பாட்டி வைத்திருந்த சோழிகள் வீட்டில் இருந்தால் ஆடலாம். இதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம்.

புளியங்கொட்டைப் பகடை

கத்தியும் அரமும் கொண்டு மரத்தில் ஆறு பக்கமும் சமமான பகடை செதுக்குவது தச்சருக்கே சிரமம். புளியங்கொட்டை எளிது. ஆறு கொட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தையும் நீர் தெளித்த கருங்கல்லில் உள்ளே வெள்ளை தெரியும்வரை தேய்க்கவேண்டும். ஆறையும் வீசி, மேலே தெரியும் வெள்ளைகளை எண்ணினால் அதுவே விழுந்த எண். ஒன்றும் வெள்ளையில்லை என்றால் 12 என்று வைத்துக்கொள்ளலாம்.

அதிகம் தேய்த்த கொட்டையின் வெள்ளைப் பக்கம் தட்டையாகி, அந்தப் பக்கமே தரையில் படியும். ஆகவே ஒவ்வொரு கொட்டையையும் 50 முறை தனியாக வீசிப் பார்த்து, வெள்ளை 20க்குக் குறைவாகவோ 30க்கு மேலாகவோ விழுந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். பகடையில் ஏமாற்று இருக்கிறதா என்ற சண்டையையும் இது முன்கூட்டியே தீர்த்துவைக்கும்.

ஆறு பக்கப் பகடையில் எல்லா எண்ணும் ஆறில் ஒரு பங்கு வாய்ப்புடன் விழும். கொட்டைகளில் அப்படி இல்லை. ஆறு கொட்டைகள் விழக்கூடிய விதங்கள் 64. அவற்றில் 3 விழுவது 20 விதங்களில். 2, 4 ஒவ்வொன்றும் 15. 1, 5 ஒவ்வொன்றும் 6. 6 ஒரே ஒரு விதத்தில். 12ம் ஒரே ஒரு விதத்தில். 99இல் நின்றுகொண்டு 1 விழக் காத்திருப்பவர் சாதாரணப் பகடையில் சராசரியாக 6 வீச்சுகள் காத்திருப்பார். கொட்டையில் ஏறத்தாழ 11. மாறாக, 97இல் நின்று 3 வேண்டுபவருக்கு அடுத்த வீச்சிலேயே பழம் கிடைக்க மூன்றில் ஒன்றுக்கு நெருங்கிய வாய்ப்பு உண்டு.

பரமபதத்தில் ஆடுபவர் எடுக்கும் முடிவு எதுவுமே இல்லை. விறுவிறுப்பு முழுதும் பலகையை வரைந்தவர் கையில். ஆகவே பகடையை முடிவு செய்த பிறகே பாம்பை வரையவேண்டும். கடைப் பலகையின் பாம்புகளை அப்படியே எடுத்து வரைந்து கொட்டையால் ஆடினால், சில பாம்புகள் யாரையும் தீண்டாது, சில எல்லோரையும் விழுங்கும். ஏணி முடியும் கட்டத்திலிருந்து மூன்றாவது கட்டத்தில் பாம்பின் தலையை வைத்தால் ஏறியவர்களில் பத்துக்கு மூவர் அடுத்த வீச்சிலேயே கீழே வருவார்கள். ஆறாவது கட்டத்தில் வைத்தால் அடுத்த வீச்சில் ஏறக்குறைய யாரும் சிக்கமாட்டார்கள். பழைய பலகைகள் பலவற்றில் ஏணிகளைவிடப் பாம்புகளே மிகுதி; குழந்தைகள் அழாமலிருக்க வேண்டுமானால் சமமாக வைக்கலாம்.

வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை ஒரு சோடி இருந்தால் கொட்டை தேய்க்கும் வேலையும் இல்லை. வெறுமை, 1, 2, 3 என நான்கு பக்கங்கள் கொண்ட இரு கட்டைகள் விழும் விதங்கள் 16. அவற்றில் 3 விழுவது 4, தாயம் விழுவது 2, இரண்டும் வெறுமையாகி 12 விழுவது 1. மூன்று தலைமுறை புழங்கிய பித்தளையைவிடச் சூழலுக்கு இசைந்த பகடை கிடையாது.

பலகையை மடிக்காமல் ஒரு மூங்கில் குழலில் சுருட்டி வைப்பது நல்லது. ஒரே இடத்தில் மடித்தால் கறுப்புக் கோடு அங்கேதான் முதலில் இறும். புளியங்கொட்டைகளை வண்டு துளைக்கும் என்பதால் அந்தப் பைக்குள் காய்ந்த வேப்பிலை போட்டு வைக்கவேண்டும். ஒன்றிரண்டு துளைபட்டுப்போனாலும் அடுத்த முறை குழம்புக்குப் புளி கரைக்கும்போது வேறு எடுத்துக்கொள்ளலாம்.