பீரோவில் தூங்கும் ஒப்பந்தத்தை வெளியே எடுங்க

நம்ம உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சிலவற்றில் ஒப்பந்தம் என்பது, நிறுவனம் தொடங்கின வருஷம் ஆடிட்டர் கொடுத்த மாதிரித் தாள்தான். பேரையும் தேதியையும் மாத்தி கையெழுத்து போட்டுட்டே வர்றோம். சட்டமும் விலையும் மாறிடுச்சு, தாள் மட்டும் மாறலை.

2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்று ஒப்பந்த விலை பற்றியது. டெல்லி எல்லையில் உழவர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து போராடி, 2021 கடைசியில் மூன்றும் ரத்தாயின. அந்தச் சமயத்தில் எழுதிய தாளில் "இச்சட்டத்தின்படி" என்று அந்தச் சட்டத்தின் பெயர் இருந்தால், இல்லாத சட்டத்தை நம்பி நெல்லு போடுறோம்னு அர்த்தம். தமிழ்நாட்டுக்கு 2019-ஆம் ஆண்டு ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் தனியாக இருக்கு. கையெழுத்தான நாளில் பேசிய விலையைக் காப்பாற்றுவது அதன் நோக்கம். ஆனா ஒப்பந்தத்தை முறைப்படி பதிவு செய்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பைக் கேட்டுப் போக முடியும்.

இயற்கை விளைபொருளில் பெரிய சண்டை விலையில் வருவதில்லை, திருப்பி அனுப்புவதில்தான் வருது. பக்கத்து வயலில் அடிச்ச மருந்து காத்துல வந்து நம்ம மாப்பிள்ளை சம்பாவில் படிஞ்சா என்ன செய்வீங்க? ஆய்வகத்தில் எச்சம் காட்டினால் கம்பெனி முழு லோடையும் திருப்பிடும். மாதிரியை யார் எடுப்பது, இரண்டு பேர் முன்னால் எடுத்து சீல் வைத்த ஒரு பங்கு நம்மிடம் இருக்குமா, சோதனைச் செலவும் திரும்பி வரும் லாரி வாடகையும் யாருக்கு? பழைய தாளில் "தரம் குறைந்தால் நிராகரிக்கலாம்" என்ற ஒரே வரிதான் இருக்கும். அது வாங்குபவர் எழுதிய வரி. முதலில் திருத்த வேண்டியது அதைத்தான்.

அடுத்து நம்ம ஆட்கள். சங்கத்துல நாமே முதலாளி என்பது பலருக்கு உறைக்கிறதில்லை. சுத்திகரிப்புக் கூடத்தில் அரிசி புடைக்கும் அக்காக்களுக்கு நியமனக் கடிதம் கொடுத்திருக்கோமா? 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கு. நியமனக் கடிதத்தை அவை கட்டாயமாக்குது. குறித்த காலத்துக்கு எடுத்த ஆளுக்கு ஒரு வருஷத்திலேயே பணிக்கொடை உரிமை வருது, முன்பு ஐந்து வருஷம். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் அகவிலைப்படி ஏப்ரல் 1 தோறும் மாறுது. அதனால கடிதத்தில் தொகையை மட்டும் எழுதாமல் "அவ்வப்போது திருத்தப்படும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல்" என்று சேர்த்துவிடுங்க. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாலியல் தொந்தரவுப் புகாருக்கு உள்ளகக் குழு வேண்டும், 2013-லேயே வந்த சட்டம் இது. குழுவுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள். சுவரில் ஒட்டின பட்டியலில் இருக்கும் அம்மா வேலையை விட்டே போயிருக்கலாம், போய்ப் பாருங்க.

போனில் பேசி மாத்திக்கிட்டோம்னு சொல்றது வேண்டாம். எழுத்தில் உள்ளதற்கு எதிராக வாய்ப்பேச்சை நிரூபிப்பது கஷ்டம். மாறின விதிகளை மட்டும் ஒரு இணைப்பு ஒப்பந்தமாக எழுதி, பழையதின் தேதியைக் குறிப்பிட்டு, இருவரும் கையெழுத்திட்டால் போதும். பத்திரத்தாள் வாங்கும்போது கவனம்: 20 ரூபாய் தாள் காலம் போச்சு, 2024 மே முதல் பொதுவான ஒப்பந்தத்துக்கு 200 ரூபாய்.

விதைப்புக்கு முன் நடக்கும் இயக்குநர் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக வைங்க. அறுவடை நேரத்தில் யாருக்கும் தாளைப் படிக்க நேரம் இருக்காது.