மடக்க முடியாத முழங்காலுக்கு ஒரு மாயக்காட்சி

பட்டாசு ஆலை விபத்தில் கால் வெந்தவருக்குப் புண் ஆறியபின்னும் பாடு முடிவதில்லை. ஆறும் தோல் சுருங்கி மூட்டை இழுத்துப் பிடிக்கும். தினமும் நீட்டி மடக்காவிட்டால் முழங்கால் கோணலாகவே நின்றுவிடும். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவருக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். முதல் சில வாரங்களில் 90 பாகையாவது மடக்கிப் பழகாவிட்டால் கால் விறைத்துப்போகும். இருவரையும் பயிற்சியிலிருந்து விரட்டுவது வலி.

அந்த வலியைக் குறைக்க மெய்நிகர் காட்சி (VR) உதவும் என்று கண்டறிந்ததே தீக்காய வார்டில்தான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் 1990களில் இதைத் தொடங்கினார்கள். அவர்கள் உருவாக்கிய ‘ஸ்னோ வேர்ல்ட்’ விளையாட்டில், கண்ணில் மெய்நிகர் காட்சிக் கருவியை மாட்டியவர் பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பென்குவின்கள் மேல் பனிப்பந்து எறிவார். அதே நேரத்தில் செவிலியர் கட்டைப் பிரிப்பார். பிசியோதெரபிஸ்ட் மூட்டை நீட்டுவார்.

வலியை உணர மூளைக்குக் கவனம் வேண்டும். கவனத்துக்கோ ஓர் அளவு உண்டு. விளையாட்டு அதை ஈர்த்துக்கொண்டால் வலிக்கு மிஞ்சுவது குறைவு. டிவி பார்த்தால் போதாதா? டிவி ஓடும்போதும் கத்தரிக்கோலும் ரத்தம் படிந்த பஞ்சும் ஓரக்கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கருவி அவற்றை அடியோடு மறைத்துவிடுகிறது. வலியோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளின் இயக்கம் அப்போது குறைவதை 2004-ல் ஸ்கேன் மூலமே காட்டினார்கள்.

வலி மாத்திரையை இதற்காக நிறுத்தக் கூடாது. இது கூடுதல் உதவி மட்டுமே. சிலருக்குக் குமட்டும், தலைசுற்றும். வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாட்டக் கூடாது. முழங்கால் அறுவை செய்தவர்கள் உட்கார்ந்தோ படுத்தோதான் பயன்படுத்த வேண்டும். நடைப்பயிற்சியில் மாட்டினால் விழுந்துவிடக்கூடும். முகம் வெந்தவருக்கு, தலையில் மாட்டாமல் தாங்கியில் பொருத்திக் கண்முன் நிறுத்தும் வகை உண்டு.

2012 செப்டம்பர் 5 அன்று விருதுநகர் மாவட்டம் முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களில் பலரை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். தமிழகத்தில் இந்தக் கருவி முதலில் வர வேண்டிய இடம் இந்த மாவட்டம்தான் என்பேன். தரையில் உட்கார்ந்து சரவெடி பின்னிப் பிழைக்கும் பெண்ணுக்கு முழங்கால் மடங்காவிட்டால் பிழைப்பும் போய்விடும். கருவியில் பனிப் பள்ளத்தாக்குதான் ஓட வேண்டும் என்பதில்லை. குற்றாலத்தைப் படம்பிடித்துத் தமிழில் பேசவிட்டாலும் போதும்.